கடிகாரத்துக்கு அடித்த ஆணி

ஆற்றோரத்துக் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த முதல் ஒன்றரை வருஷத்தில், வெள்ளைக்காரத் துரையிடம் வாய் திறந்து பேசிய இங்கிலீஷ் இரண்டே வார்த்தைகள்தான். எஸ் சார். வேலை முடிந்ததா என்று கேட்டாலும் எஸ் சார், வெளியே மழையா என்று கேட்டாலும் எஸ் சார், நேற்று ஏன் தப்பாக அடித்தாய் என்று கேட்டாலும் அதே எஸ் சார். சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் உள்ளங்கை நனைந்துவிடும். தாளில் ஈரம் பட்டுவிடப் போகிறதே என்று சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உட்காருவேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று யாராவது இப்போது அலுத்துக்கொண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அறுபதுகளிலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். அந்தப் பாட்டில் வரும் ‘இந்தக் காலத்துப் பிள்ளை’ நான்தான். ஆனால் கோபம் வந்த வேகத்தில் போய்விடும், பின்னாலேயே பயம் வந்துவிடும். எழுபது வயது தாண்டியும் அந்தப் பயம் என்னை விட்டபாடில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆறாவது வரை படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். பிறகு அப்பா என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். புதிது புதிதாகப் பள்ளிக்கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். எனக்குக் கிடைத்தது மதியம். வெயில் கொதிக்கும் வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். டீச்சரும் நேற்றுவரை மாணவியாக இருந்தவர்தான். புத்தகத்தில் இருப்பதை அவர் படிப்பார், நாங்கள் திரும்பச் சொல்வோம். அர்த்தம் கேட்டால் அவருக்கும் பயம், எங்களுக்கும் பயம். வீட்டில் தமிழ், தெருவில் மலாய், மீன்கடையில் ஹொக்கியன் சீனம். இங்கிலீஷ் அந்த ஓர் அறைக்குள் மட்டும்தான் இருந்தது, மணி அடித்ததும் அங்கேயே நின்றுவிடும். நான் கட்டுரைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். கமாவோடும் புள்ளியோடும் பரீட்சைத் தாளில் அப்படியே இறக்கினேன், பாசாகிவிட்டேன்.

அப்புறம் சிலிகி ரோட்டில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு. அது எனக்கு நன்றாகவே வந்தது. எழுத்தைப் பார்த்தால் விரல் தட்டும், நடுவில் மண்டைக்கு வேலையே இல்லை. வேகத்துக்கும் சுத்தத்துக்கும் ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அப்பா அதைக் கண்ணாடி போட்டு வாங்கிவந்தார். மாட்டுவதற்குச் சுவர் கிடைக்கவில்லை. கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறை எங்களுக்கு, மூன்று பக்கமும் பலகைத் தடுப்பு. செங்கல் சுவர் ஒன்றே ஒன்றுதான், அதில் சாமி படங்கள் நிறைந்திருந்தன. சர்டிபிகேட் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போனது.

அந்த மாடியில் இருந்த ஐந்து குடித்தனத்துக்கும் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. யார் வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். நான் முத்திரையைப் பார்ப்பேன், தேதியைப் பார்ப்பேன், கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பேன், மீதியை ஊகித்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

ஆற்றோரத்துக் கம்பெனியின் கிடங்கில் அப்பா ரப்பர் மூட்டை தூக்கினார். ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று கேள்விப்பட்டதும் தலைமை குமாஸ்தாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு என்னை நுழைத்துவிட்டார். தலைமை குமாஸ்தாவைப் பெரிய கிராணி என்பார்கள். தமிழர்தான், பினாங்கில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் இங்கிலீஷ் பேசினால் துரையே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். எனக்கு அவர் வைத்த பரீட்சை ஒரு பக்கத்தைப் பார்த்து அடிப்பது. ஒரு தப்பும் இல்லை. “கை சுத்தமா இருக்கு” என்றார். மண்டையைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

தினமும் பத்து மணிக் கோப்பி வந்ததும் அவர் ஆரம்பிப்பார். “எங்க காலத்துல ஸ்டாண்டர்ட் செவன் படிச்சவன் எழுதுன லெட்டரை இன்னிக்கு சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணவன் எழுத முடியாது லா. இப்ப உள்ளதுகளுக்கு வாசிக்கத் தெரியும், புரியத்தான் தெரியாது.” மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். என் மடி நிறையக் கனம். அவர் அந்தப் பேச்சை எடுத்தாலே ரிப்பனைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன்.

பக்கத்து மேஜையில் இன்னொரு டைப்பிஸ்ட், சீனப் பெண். அவள் சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவள் கதையும் என் கதைதான். நாள் முழுக்க இரண்டு பேரும் இங்கிலீஷ் அடிப்போம், எங்களுக்குள் மலாயில் பேசிக்கொள்வோம். துரையின் கையெழுத்தில் ஏதாவது வார்த்தையைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். “தா தாவு லா,” தெரியாதே என்பேன். நான் கேட்டால் அவளும் அதையேதான் சொல்வாள், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தெரியாது என்பதை அச்சமில்லாமல் சொல்ல எனக்கு இருந்த ஒரே இடம் அவளுடைய மேஜை, ஒரே பாஷை அந்தச் சந்தை மலாய்.

அறுபத்து நான்காம் வருஷம் ஊரே பயந்து கிடந்தது. இந்தோனேசியாவோடு தகராறு, எங்கே குண்டு வெடிக்குமோ என்று பேச்சு, நடுவில் ஊரடங்கு. அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டிய ரப்பர் வரவில்லை. கிடங்கில் பாதி நாள் அப்பாவும் கூட்டாளிகளும் மூட்டைமேல் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தெரிந்த மண்டோர் ஒருவர், அதாவது கட்டட வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, அப்பாவைத் தேடி வந்தார். தோ பாயோவில் கம்பம் என்கிற குடிசைக் கிராமங்களை எல்லாம் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள், சாமான்களுக்குக் காவல் இருக்க நம்பிக்கையான ஒரு ஜாகா வேண்டும், பல வருஷ வேலை, முதுகு நோகாது என்றார். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அப்பாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ராத்திரியில் அம்மா அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்க்காத நாள் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த வாரம் பெரிய கிராணி தம்பி மகள் கல்யாணத்துக்குப் பினாங்கு போயிருந்தார். வெள்ளிக்கிழமை துரையின் மணி அடித்தது. உள்ளே போனேன். கையால் எழுதிய கடிதம் ஒன்றும் பெயர்ப்பட்டியல் ஒன்றும் கொடுத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும், அடுத்த சனிக்கிழமை தேதி போட்டு, தனித்தனியாக அடிக்கவேண்டும். புரிந்ததா என்றார். எஸ் சார்.

பட்டியலில் பதினோரு பேர். எல்லாரும் கிடங்கு ஆட்கள். பேருக்கு எதிரில் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்ற எண். ஏழாவது பேர் அப்பாவுடையது. எதிரில் பதினாறு. பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன். கடிதத்தைப் படித்தேன். நீளமான வார்த்தைகள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நடுநடுவே தெரிந்த முகங்கள் இருந்தன. நீண்ட காலம். சேவை. விசுவாசம். நன்றி. கடைசி வரியில் வாழ்த்து. மூச்சு திரும்பி வந்தது. அந்த வருஷம்தான் பெரிய கிராணிக்கு நீண்ட சேவைக்காகக் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தது. அப்போதும் இப்படி ஒரு கடிதம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆக, இந்தத் தடவை கிடங்கு ஆட்களுக்கு. நான் அப்பாவின் கடிதத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். புது ரிப்பன் மாற்றி, ஓர் எழுத்தும் அழிக்காமல் அடித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். ரகசியம் என்றுதான் ஆரம்பித்தேன்.

“அப்பா, உங்களுக்கும் கம்பெனில கடிகாரம் குடுக்கப் போறாங்க.”

“எனக்கா? பெரிய கிராணிக்கு இருபத்தஞ்சு வருஷத்துக்குல்ல குடுத்தாங்க? எனக்குப் பதினாறுதானேம்மா ஆச்சு.”

“வருஷத்தைக் குறைச்சிருப்பாங்கப்பா. நானே லெட்டர் அடிச்சேன், வர்ற சனிக்கிழமை தேதி போட்டு.”

நானே அடிச்சேன் என்பதற்குமேல் அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இன்னும் யார் யார் என்று கேட்டார், ஞாபகம் இருந்த பேரையெல்லாம் சொன்னேன். அம்மா மட்டும் அரிசி களைந்துகொண்டே தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“கப்பலும் வரலை, சரக்கும் வரலை. இந்த நேரத்துலதான் கூப்பிட்டுக் கடிகாரம் குடுப்பானாக்கும்?”

“உனக்கு என்னடி தெரியும்? எழுத்துல இருக்கு, புள்ள படிச்சிட்டு வந்து சொல்லுது” என்றார் அப்பா.

அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அந்தக் கடிதத்தைப் பார்க்காமலே சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாமி படங்களை நெருக்கி ஒதுக்கி, செங்கல் சுவரில் ஓர் இடம் உண்டாக்கினார். கீழே ரொட்டிக் கடைக்காரரிடம் சுத்தியல் வாங்கிவந்து ஆணி அடித்தார். கொஞ்சம் பின்னால் போய் நின்று, மணி பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். கூட்டாளிகளுக்கும் சொல்லியிருந்தார். அவர்களில் மூத்தவர் ஒருவர் சனிக்கிழமைக்கென்று புது வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை பெரிய கிராணி திரும்பி வந்தார். பூட்டிய அலமாரியைத் திறந்து கடிதங்களின் நகல்களைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இதையெல்லாம் நீதானே அடிச்சே?”

“எஸ் சார்.”

“என்னன்னு தெரிஞ்சுதான் அடிச்சியா?”

“எஸ் சார்.” பழக்கம். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

அவர் நகல்களை மூடி வைத்தார். “கல்லு மனசும்மா உனக்கு. பதினோரு பேர் வேலை போகுது, அதுல உன் அப்பன் ஒருத்தன். ஒரு எழுத்து தப்பாம அடிச்சு வச்சிருக்கே. ஆபீஸ் வேலைன்னா இப்படித்தான் இருக்கணும், நான் இல்லைன்னு சொல்லலை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சனிக்கிழமைதான் கையில குடுக்கணும். அதுக்கு முன்னாடி வெளியில மூச்சு விட்டே, துரை உன் சீட்டையும் கிழிச்சிருவாரு.”

என் மேஜைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. சீனத் தோழி என்னவென்று கேட்டாள். மலாயில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “காசி தாவு லா,” இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடு என்றாள்.

சொல்லியிருக்கலாம். துரைக்குப் பயந்து சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரிய கிராணியின் மிரட்டல் எனக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். உண்மையான பயம் வேறு. வேலை போகிறது என்று சொன்னால், அன்றைக்குக் கடிகாரம் என்றாயே என்று அப்பா கேட்பார். அதற்கு என்ன சொல்வது? உங்கள் மகளுக்கு இங்கிலீஷ் தெரியாது, இத்தனை வருஷம் நீங்கள் மூட்டை தூக்கிக் கட்டிய படிப்பு விரலோடு நின்றுவிட்டது என்றா? கிடங்கில் அவர் தலை நிமிர்ந்து நடந்ததற்கு என்னைத் தவிர வேறு காரணம் கிடையாது. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே தடுப்புக்குப் பின்னால் போய்விடுவேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அந்த ஆணியின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் அந்தச் சின்ன அறையில் எப்படி நடமாடினேன் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மண்டோர் வந்தார். நான் தடுப்புக்குப் பின்னால் அவருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். பேசுவது ஒன்றுவிடாமல் கேட்டது.

“என்னண்ணே முடிவு பண்ணீங்க? நாளைக்கு நான் ஆளு காட்டணும்.”

“தப்பா நினைக்காதீங்க தம்பி. கம்பெனில நம்மளை மதிச்சு மரியாதை செய்யறாங்க. கடிகாரத்தை வாங்கிக்கிட்டு மறுநாளே உதறிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?”

“யோசிச்சுக்கங்க. நாளைக்கப்புறம் நீங்க கேட்டாலும் இருக்காது.”

நான் தேநீரை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். வேண்டாம்னு சொல்லாதீங்கப்பா, அந்த வேலையை ஒத்துக்குங்க. இவ்வளவுதான் சொல்லவேண்டும். இங்கிலீஷ் இல்லை, தமிழ். குவளையை மண்டோரிடம் நீட்டினேன். “முகம் ஏன் வாடியிருக்கு, காய்ச்சலா?” என்று அப்பா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மண்டோர் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கிடங்கில் பெரிய கிராணியே கடிதங்களைக் கொடுத்து விஷயத்தைத் தமிழில் சொல்லிவிட்டாராம். நான் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் படியில் பல கால்களின் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேர் இருக்கும். அப்பா முன்னால் வந்தார். மூத்தவர் புதுச் சட்டை போட்டிருந்தார், கஞ்சி மடிப்பு இன்னும் கலையவில்லை. உறையை நீட்டி என்னைப் பார்த்தார்.

“கடிகாரம்னுல்லம்மா சொன்னே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இடையில் வந்து நின்றார்.

“அண்ணே, அவ அடிச்சது வேற லெட்டரு. துரை கடைசி நேரத்துல மனசை மாத்திட்டான். எம்பொண்ணுக்கா இங்கிலீஷ் தெரியாது? அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

மூத்தவர் உறையை இரண்டாக மடித்துப் புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அப்பா தன் கடிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். “படி” என்றார். முதல் வரியைப் படித்தேன். சரளமாகத்தான் வந்தது. “இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலைப்பா.”

“சரி. அடுத்தது படி.”

படித்தேன். அர்த்தம் கேட்டார். தெரியலைப்பா என்றேன். இப்படி வரி வரியாகக் கடைசிவரை. ஒவ்வொரு தெரியலைக்கும் ஏதோ ஒன்று என் மேலிருந்து இறங்கியது. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் திட்டவில்லை. “தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா என்னம்மா குறைஞ்சிடும்? கத்துக்கலாம்ல?” என்று மட்டும் சொன்னார். கடிதத்தை மடித்தார். பிறகு நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார்.

“வியாழக்கிழமை அந்த ஆளு வந்துட்டுப் போனாரே. அப்பவே உனக்கு விஷயம் தெரியுமா?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பெண்ணுக்கு இதைச் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் அவர் முகத்தில் அந்தக் காலையில் முதல் முறையாக நான் பயத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

“தெரியாதுப்பா” என்றேன்.

“அப்பச் சரி” என்றார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து, துணியில் சுற்றியிருந்த என் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டை எடுத்துத் துடைத்து அந்த ஆணியில் மாட்டினார். திங்கட்கிழமையிலிருந்து தேக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். அம்மா அவர் முதுகுக்கு இன்னும் எட்டு வருஷம் எண்ணெய் தேய்த்தார். நான் ராத்திரி வகுப்பில் சேர்ந்து முதல் பாடத்திலிருந்து இங்கிலீஷ் படித்தேன், நன்றாகவே கற்றுக்கொண்டேன். பிறகு எங்களுக்கு வீடு கிடைத்தது, தோ பாயோவிலேயே. புது வீட்டில் அப்பா முதலில் அடித்த ஆணியும் அந்தச் சர்டிபிகேட்டுக்குத்தான்.